கேப்டன் கண்ணாவின் கோட்டு

"கை கிட்ட தையல் வுட்டுப்போச்சு. அத்த மட்டும் தச்சுக் குடு. வேற ஒண்ணும் பண்ணாதக்கா" என்றுதான் என் தம்பி சொன்னான்.

எந்தத் தம்பிதான் அப்படிச் சொல்லாமல் இருப்பான்? சோறு போடட்டுமா என்றால் வேண்டாம் என்பான். போட்டால் மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுவான். தலைக்கு எண்ணெய் வைக்கட்டுமா என்றால் வேண்டாம் என்பான். வைத்தால் கண் சொருகி அப்படியே உட்கார்ந்திருப்பான். எங்கள் வீட்டில் வேண்டாம் என்பதை யாரும் காதில் வாங்குவதில்லை. வாங்கினால் பாசமில்லாதவள் என்று பெயர். அப்படி வளர்ந்தவள் நான். அதன் பலனை அவன் இன்றைக்கும் அனுபவிக்கிறான்.

என் பெயர் தங்கம். என் வீட்டுக்காரர் குணசேகரன் செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் ஒன்றரை அறை, ஒரு குழாய், பக்கத்து வீட்டு லூர்துமேரியோடு பொதுவில் ஒரு துணிக்கொடி, இதுதான் எங்கள் ராஜ்ஜியம். சொந்த ஊர் அரக்கோணம். என் தம்பி அய்யாக்கண்ணு பதினாலு வயதில், அங்கே கூடாரம் போட்டிருந்த சௌபாக்யா சர்க்கஸோடு கிளம்பிப் போய்விட்டான். அப்பா இறந்த வருஷம் அது, தேடிப் போக ஆளில்லை. போகும்போது மறக்காமல் தன் எட்டாம் வகுப்பு சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினான். உலகத்தில் சர்டிபிகேட்டோடு வீட்டைவிட்டு ஓடிய ஒரே பையன் அவனாகத்தான் இருக்கும். யானைக்குத் தழை வெட்டினான், கூண்டு கழுவினான், கம்பி உடைந்தால் வெல்டிங் வைத்தான், கடைசியில் சிங்கக் கூண்டுக்குள்ளேயே போனான். சுவரொட்டியில் அவன் பெயர் கேப்டன் கண்ணா. எந்தப் பட்டாளத்துக்குக் கேப்டன் என்று கேட்டால், நாலு சிங்கங்களுக்கு.

1970 டிசம்பரில் அந்த சர்க்கஸ் செகந்திராபாத் பரேட் மைதானத்துக்கு வந்தது. ஒன்றரை மாதம் இருக்கப் போவதாகச் சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தினமும் காலையில் சிங்கங்களுக்குக் கறி போட்டுவிட்டு, யாரிடமோ சைக்கிள் வாங்கிக்கொண்டு தம்பி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"அக்கா, எனக்கு பயமா கீது."

"இன்னாடா பயம்?"

"உள்ள போறப்ப ஒண்ணும் இல்ல. பின்னால கதவச் சாத்தி தாப்பா போடுவாங்க பாரு, அந்த சத்தம். அத்தக் கேட்டா வயித்தக் கலக்குது. ரெண்டு மாசமா இப்படித்தான். அதுங்களுக்கு இன்னும் தெரியல. சுல்தானுக்குத் தெரிஞ்சுதுன்னு வையி, அன்னியோட நம்ம கத முடிஞ்சுது."

சுல்தான் அந்த நாலில் இளசு. அவனைக் குட்டியிலிருந்து வளர்த்தவனே என் தம்பிதான். இதைச் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு ஊறுகாய் கேட்டான். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"அப்ப கைக்குடா, எதுக்குடா உள்ள போற? வுட்டுட்டு வாடா! சிங்கத்துக்கு முன்னால நின்னுதான் சோறு துன்னணும்னு யாரு அழுதா?" என்று கத்தினேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் இவனை எப்படியாவது வெளியே இழுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வழியும் பிறந்தது. ஒர்க்‌ஷாப்பில் கலாசி என்கிற கடைநிலை உதவியாள் வேலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெல்டிங் தெரிந்தவனுக்கு முன்னுரிமை. என் வீட்டுக்காரர் வாயில்லாப்பூச்சி. யாரிடமும் போய் நிற்க மாட்டார். நான் கொடுத்த கொடுமையில் நாலு பேரிடம் போய் நின்றார். தம்பி டெஸ்ட்டுக்குப் போனான், பாஸ் செய்தான். பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்பு ஆர்டர் வந்தது. ஜனவரி 18, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள், வயதுக்கான அசல் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் அடுத்தவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். மார்ச்சோடு தம்பியின் வயது வரம்பும் முடிகிறது. இதை விட்டால் வேறு வாசல் இல்லை.

அந்தச் சான்றிதழ்தான் முதலாளியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. சேர்ந்த அன்று வாங்கி வைத்தது, பதினைந்து வருஷமாக வெளிச்சமே பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நகல் கேட்டால் இரண்டு மாதம் ஆகும் என்று அரக்கோணத்திலிருந்து கடிதம் வந்தது. தம்பி முதலாளியிடம் போய்க் கேட்டான். அவர் தலைச்சேரிக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. நூற்றிருபது வயிறுகளுக்கும் அதற்குமேல் மிருகங்களுக்கும் படியளக்கிற மனுஷன், சிங்க ஆட்டம் இல்லாவிட்டால் கூட்டம் வராது.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எனக்கு பதிலா சந்திரமோகன் ஒரு முழு ஷோ தனியா நிக்கணுமாம். அன்னிக்கே பொட்டியத் தொறந்து குடுக்கறேன்னாரு."

சந்திரமோகன் கூண்டு வேலை பார்க்கிற ஆள். இருபத்தெட்டு வயது, ஒல்லி, வாய் ஓயாமல் பேசுவான். கேப்டன் ஆக வேண்டும் என்று அவனுக்கு ஆறு வருஷமாக ஆசை. இரண்டு வாரம் தினமும் காலையில், தம்பியின் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு அவன் பின்னாலேயே கூண்டுக்குள் போனான். அப்புறம் அவன் முன்னே, தம்பி பின்னே. அப்புறம் அவன் மட்டும் உள்ளே, தம்பி கதவுக்கு வெளியே. ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஷோ சந்திரமோகனுடையது என்று முடிவாயிற்று.

அந்தக் கோட்டு பதவி உடுப்பு, ஒருவர் போட்டு அடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கம் என்று தம்பி சொல்லியிருந்தான். போலீஸ்காரன் தொப்பி மாதிரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் அவன் சொல்லவில்லை. கூண்டுச் சங்கதிகளை வெளி ஆளிடம் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அக்காவாக இருந்தாலும் வெளி ஆள்தான்.

சனிக்கிழமை மைதானத்தில் குடியரசு தினத்துக்குப் பட்டாள ஒத்திகை. அதனால் அன்று ஷோ கிடையாது. காலையிலேயே தம்பி கோட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தான். தையல் மட்டும் போடு, நாளைக்கு மத்தியானம் வரும்போது கொண்டு வா, வேறு ஒன்றும் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

விரித்தேன். அம்மம்மா! சிங்க மூத்திரம், பழைய வியர்வை, பீடி, கறி வாடை, இன்னும் என்னென்னவோ. போகிக்குச் சுண்ணாம்பு அடித்துக் கழுவி விட்ட வீடு, பொங்கல் முடிந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. என் மகள் ரமணி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ச்சீ, பாஹர் ரக்கோ!" என்று ஓடினாள். வெளியே வை என்கிறாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது இந்த ஊர் இந்திதான்.

நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். என் தம்பி இந்தக் கூண்டிலிருந்து வெளியே வருகிறான். அவன் போட்டதை இன்னொருவன் நாளை நல்ல காரியமாக ஏற்றுப் போடப் போகிறான். இன்னொருவருக்குக் கொடுக்கிற துணியை அழுக்கோடா கொடுப்பார்கள்? கேப்டனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், அவள் இப்படி நாறக் கொடுத்தனுப்பினாள் என்று பேச்சு வர வேண்டுமா? தம்பி வேண்டாம் என்றதற்குக் காரணம் எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதுதான். எனக்கு அவன் சிரமமா?

பூந்திக்கொட்டையை ஊற வைத்தேன். கம்பளித் துணிக்கு அதுதான் சரி. வெந்நீரில் சலவை சோடா கொஞ்சம் போட்டு, கோட்டை அமுக்கினேன். முதல் தண்ணீர் காப்பிக் கஷாயமாக வந்தது. இரண்டாம் தண்ணீரும் அப்படியே. லூர்துமேரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தங்கம், எருமயத் தொவைக்கிறியா?"

"என் தம்பிக்கு கவர்மெண்ட் வேலடி. எருமயும் தொவைப்பேன், யானையும் தொவைப்பேன்."

ஏழு தண்ணீர் மாற்றினேன். ஏழாவதில் தண்ணீர் தெளிந்தது, கோட்டின் சிவப்பும் தெரிந்தது. அடேயப்பா, என்ன சிவப்பு! அதற்குள் இப்படி ஒரு நிறம் இருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. தை வெயிலில் காயப் போட்டு, பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஞாயிறு காலை கரி இஸ்திரிப்பெட்டி வைத்து மிச்ச ஈரத்தையும் எடுத்தேன். கைத் தையலை இரட்டை நூலில் போட்டேன், யானை இழுத்தாலும் விடாத மாதிரி. பூச்சி அரிக்காமல் இருக்கப் பைகளில் இரண்டிரண்டு அந்துருண்டை. கடைசியாக, புதுத் துணிக்கு வைப்பது போல, காலரின் உள்பக்கம் ஒரு பொட்டு மஞ்சள். பேப்பரில் சுற்றும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறு ஒரு மணிக்கு நானும் என் வீட்டுக்காரரும் ரிக்‌ஷாவில் போய் இறங்கினோம். ரமணியை லூர்துமேரியிடம் விட்டிருந்தேன். கூடாரத்துக்குப் பின்னால், கூண்டு வண்டிகள் வரிசையாக நிற்கிற இடத்தில் தம்பியும் சந்திரமோகனும் இருந்தார்கள். நான் பொட்டலத்தை நீட்டினேன். தம்பி பிரித்தான். பிரித்த கை பாதியிலேயே நின்றது. கோட்டைத் தூக்கி மூக்கிடம் கொண்டுபோனான், இறக்கினான், மறுபடியும் கொண்டுபோனான். முகத்தில் ரத்தம் இல்லை.

"நல்லா கீதுக்கா" என்றான்.

சந்திரமோகன்தான் அடக்க முடியாமல் கேட்டான். "அக்கா, இதத் தொவைச்சிட்டீங்களா?"

"ஏன், தொவைக்கக் கூடாதா?"

"டேய், சும்மா இரு" என்றான் தம்பி.

"மாஸ்டர், அவங்களுக்குத் தெரிய வேணாமா? அக்கா, இது மூணு மாஸ்டர் போட்ட கோட்டு. இருபது வருஷத்துக்கு மேல தண்ணியே பட்டதில்ல. சிங்கத்துக்கு நம்ம மூஞ்சி கணக்கில்ல. இந்த வாசனதான் அதுங்களுக்கு மாஸ்டர். உள்ள ஆள் மாறலாம், வாசன மாறக் கூடாது. ரெண்டு வாரமா அதுங்க என்னையா பக்கத்துல விட்டுச்சு? இந்தக் கோட்டத்தான் விட்டுச்சு."

ஏழு தண்ணீரும் கண்ணெதிரே ஓடின. கடைசித் தண்ணீர் தெளிந்ததும் நான் சந்தோஷப்பட்டேனே, அது ஞாபகம் வந்தது.

தம்பி பைகளில் இருந்த அந்துருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூர எறிந்தான். தன் பனியனைக் கழற்றி சந்திரமோகனிடம் கொடுத்தான். "இத்த உள்ள போட்டுக்க" என்றான். பிறகு அவனே, "வேணாம், வுடு. நானே போறேன்" என்றான்.

"நாளைக்குப் பத்து மணி மாஸ்டர்" என்றான் சந்திரமோகன்.

கூண்டு வண்டியில் எதுவோ உராய்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் மெல்ல, "நக்கோப்பா, வம்பு வேணாம், வேலை போனா போகட்டும்" என்றார். அந்த வாயில்லாப்பூச்சிக்கு வாய் வந்தது. எனக்கு வரவில்லை. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் நான்தான். நான் சொல்லியிருந்தால் தம்பி நின்றிருப்பான், சந்திரமோகனும் நின்றிருப்பான். எனக்கு என் தம்பி வெளியே வர வேண்டும். அதற்காக இன்னொரு வீட்டுப் பிள்ளை உள்ளே போனால் போகட்டும் என்று என் மனசு நினைத்தது. நினைத்தது, வாயை மூடிக்கொண்டது.

"பனியன் இருக்குல்ல, போதும். என் குரலும் அதுங்களுக்குப் பழக்கம்தான்" என்று சந்திரமோகன் கோட்டை மாட்டிக்கொண்டான். அந்தச் சிவப்பில் அவன் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்து, "எப்படி இருக்கேன்க்கா?" என்று கேட்டான்.

தம்பி கொடுத்த பாஸில் எங்களுக்கு முன்வரிசை நாற்காலி. சிங்க ஆட்டம்தான் முதல். வளையத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் கம்பிக் கூண்டைப் பூட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் ஆள் போக ஒரு கதவு; எதிர்ப்பக்கம் சிங்கங்கள் வருவதற்குத் தாழ்ந்த கம்பிப் பாதை. சந்திரமோகன் உள்ளே போனான், கதவு சாத்தினார்கள், தாழ்ப்பாள் விழுந்தது. தம்பி சொன்ன அந்தச் சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். எழுந்து ஓடலாம் போலிருந்தது. இடப்பக்கம் நாற்பது பேர், வலப்பக்கம் நாற்பது பேர், முழங்கால் இடிக்கிற நெருக்கம்.

முதலில் கிழட்டு ராணி வந்தாள், தன் முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு எதுவும் ஒரு பொருட்டில்லை. அடுத்து இரண்டு அண்ணன் தம்பிகள், தயங்கித் தயங்கி ஏறின. கடைசியில் சுல்தான். அவன் சந்திரமோகனிடம் வந்து, மூக்கை நீட்டி, இரண்டு தும்மல் போட்டான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்துருண்டையை எடுத்தெறிந்தாலும் நெடி போகவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர், "பழக்கி வச்சிருக்கான் சார்" என்றார்.

சுல்தான் முக்காலியில் ஏறவில்லை. சுற்றி வந்தான். ஆள் போகிற கதவின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

சந்திரமோகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். சாட்டையைத் தரையில் அடித்தான். குரல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கோட்டின் பின்பக்கம் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் தேய்த்த பொத்தான்கள் விளக்கில் மின்னின. கதவுக்கு வெளியே தம்பி கம்பியோடு நின்றான். சுல்தான் அசையாததால் அவனால் கதவைத் திறக்க முடியவில்லை. சந்திரமோகன் ஓரமாக நகரப் பார்த்தான். ஓர் அடிதான் எடுத்து வைத்தான். சுல்தான் எழுந்து, அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டான்.

பிடித்தது கோட்டின் கையைத்தான். பழைய தையலாக இருந்தால் அப்படியே பிய்ந்துகொண்டு வந்திருக்கும், ஆள் தப்பித்திருப்பான். இரட்டை நூல். விடவில்லை. கையோடு சேர்த்து அவனை இழுத்துக்கொண்டு போனது சிங்கம். நான் போட்ட தையல் விடவே இல்லை.

அப்புறம் நடந்தது எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். தம்பி கம்பியைக் கீழே போட்டான். மேல் சட்டையைக் கழற்றி எறிந்தான். பனியன் சந்திரமோகனிடம் இருந்ததால் உள்ளே வெறும் உடம்பு. ஓடிப்போய், சிங்கங்கள் வரும் தாழ்ந்த பாதையில் குனிந்து நுழைந்து, வளையத்துக்குள் வந்தான். அவனுக்குப் பின்னாலும் தாழ்ப்பாள் விழுந்தது. மெதுவாகத்தான் நடந்தான். "நான்தான்டா, சுல்தான். நான்தான்டா" என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டே, ஒரு கையால் சந்திரமோகனின் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினான். சந்திரமோகன் வெளியே உருவிக்கொண்டு விழுந்தான். கோட்டு சுல்தானிடம் தங்கியது. அதை முன்னங்காலில் அமுக்கி, அவன் நார் நாராகக் கிழித்தான். தம்பி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். கதவைத் திறந்து சந்திரமோகனை இழுத்துக்கொண்டார்கள், உடனே சாத்தினார்கள்.

சுல்தான் கிழித்து முடித்து நிமிர்ந்தான். தம்பியின் வயிற்றில் மூக்கை வைத்தான். வெகு நேரம் மோந்தான். பிறகு திரும்பிப் போய், முக்காலியில் ஏறி உட்கார்ந்தான்.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. விசில் பறந்தது. அதுவும் ஒரு ஐட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என்னைப் பார்த்து, "சூப்பர்மா, இல்ல?" என்றார். அவரை அறைந்திருப்பேன், கை எழவில்லை.

சந்திரமோகனுக்குப் பதினாறு தையல். மாலை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்துப் போனேன், திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும். "நல்லாத்தான் தச்சிருந்தீங்கக்கா" என்றான், அவ்வளவுதான். இனி எந்த ஜென்மத்திலும் கூண்டுக்குள் போக மாட்டேன் என்று சொல்லி, அடுத்த வாரம் ஊருக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே நான் முதலாளியின் கூடாரத்தில் நின்றேன். என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப் கேட்டில் காத்திருந்தார், சர்டிபிகேட் கையில் வந்ததும் தம்பி சைக்கிளில் பறந்துவிட வேண்டும் என்று திட்டம். முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். இரும்புப் பெட்டி அவர் கட்டிலுக்குக் கீழே இருந்தது, காலால் தொடலாம்.

"தப்பு நான் பண்ணது. என் தம்பி இன்னா பண்ணான்? அவன் காயிதத்தக் குடுத்துருங்க" என்றேன்.

"யார் தப்பு செஞ்சா என்ன அம்மா? மூணு மணிக்கு ஷோ. உள்ளே போக ஆள் யாரு?"

"உங்க சிங்கத்துக்கு நீங்க போங்களேன்! உங்க சர்க்கஸ்தானே?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான். "இன்னொரு ஆளைப் பழக்கட்டும். பழக்கின அன்னைக்கே தர்றேன். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்" என்றார். புது ஆளைப் பிடித்து, பயம் தெளிவித்து, வாசனை ஏற்றிப் பழக்க ஒரு வருஷமாவது ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. காலில் விழுந்தேன். எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

எட்டு மணிக்கு லாலாகுடா சங்கு ஊதியது. காற்று அந்தப் பக்கமாக இருந்தால் மைதானம் வரைக்கும் கேட்கும். தம்பி கூண்டு வண்டிக்குப் பக்கத்தில் நின்று கறி வெட்டிக்கொண்டிருந்தான். சங்கு ஊதும்போது வெட்டுவதை நிறுத்தினான், முடிந்ததும் மறுபடி வெட்டினான். பத்து மணி வரை நான் அங்கேயே நின்றேன். பதினொன்றுக்கு என் வீட்டுக்காரர் வந்து, பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றார். என்னைத் திட்டவில்லை அவரும். என் ஜென்மத்தில் திட்டு வேண்டுமென்று நான் ஏங்கிய நாள் அது ஒன்றுதான்.

மூன்று மணி ஷோவுக்குத் தம்பி வெறும் உடம்போடு உள்ளே போனான். புதுக் கோட்டு தைத்துத் தருவதாக முதலாளி சொல்லியிருக்கிறார், தம்பிதான் சுல்தான் இனித் துணியை நம்ப மாட்டான் என்று மறுத்தானாம். கூட்டத்துக்கு அது இன்னும் பிடித்துவிட்டது. ஒரே வாரத்தில் புதுச் சுவரொட்டி ஒட்டினார்கள்: சட்டையில்லாத கேப்டன் கண்ணா, நான்கு சிங்கங்களுக்கு நடுவில். எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரிலும் ஒன்று ஒட்டினார்கள். நான் பால் வாங்கப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

அந்த ஒரு வாரமும் தம்பி சாப்பிட வந்தான். கோட்டைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. பயத்தைப் பற்றியும் பேசவில்லை. "இன்னும் அந்த சத்தம் கேக்குதாடா?" என்று ஒருநாள் நானே கேட்டேன். "ஹவ்க்கா, கேக்கும். கேக்காம எங்க போவும்?" என்றான்.

ஜனவரி கடைசியில் கூடாரத்தைப் பிரித்தார்கள். ரயிலேறுகிற அன்று காலை தம்பி வந்தான். வியர்த்திருந்தது. வழக்கம்போலச் சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, கை கழுவி உட்கார்ந்தான். நானும் வழக்கம்போல அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். வாளியில் போடப் போனவள், அப்படியே நின்றுவிட்டேன். சட்டையில் சிங்க வாடை அடித்தது. கையை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

தம்பி சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றான். அவன் நெஞ்சில் புதிதாக ஒரு கீறல் இருந்தது.

"தொவைக்கா" என்றான். "இனிமே சட்டைய வச்சு ஒண்ணும் இல்ல. அதுங்களுக்கு நானே போதும்."

துவைத்தேன். மூன்று தண்ணீரிலேயே தெளிந்துவிட்டது.